சுவரில் ஒட்டியிருக்கும் சின்னப் பூச்சி: வடிகால் ஈயை இனங்காணுவோம்

பல வருடங்களின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, வீட்டைக் கழுவிக் குடியிருக்கத் தொடங்கியாயிற்று. சில நாட்கள் போனதும் குளியலறைச் சுவரிலும் மலசலகூடச் சுவரிலும் கறுப்புப் புள்ளிகள் போலச் சின்னப் பூச்சிகள் ஒட்டியிருப்பதைக் காண்கிறீர்கள். தட்டினால் கொஞ்சத் தூரம் பறந்து திரும்பவும் சுவரிலேயே இருந்துகொள்கின்றன. மீள்குடியேறிய பல வீடுகளில் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி இது: "இது என்ன பூச்சி? ஆபத்தா?"

ஒரு கிராமத்தில் எங்கள் குழுவை ஒரு அம்மா நேரே மலசலகூடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார்.

"உதைப் பாருங்கோ பிள்ளை. ரெண்டு ரின் மருந்து அடிச்சுப் போட்டன். விடிஞ்சா திரும்பவும் வந்து நிக்குது. பேரனுக்கு டெங்கு வந்திடுமோ எண்டு பயமாக் கிடக்கு."

"உது நுளம்பு இல்லை அம்மா. கடிக்காது. ஆனா எங்கயிருந்து வருகுது எண்டு கட்டாயம் பாக்க வேணும்."

அந்த அம்மாவின் வீட்டில் நாங்கள் என்ன பார்த்தோம், எப்படிப் பார்த்தோம் என்பதை ஒட்டியே இந்தப் பாடத்தை எழுதியிருக்கிறோம். பூச்சியைக் கொல்வது சின்ன விடயம். அது பிறக்கும் இடத்தைக் கண்டுபிடித்தால், உங்கள் குடிதண்ணீரைப் பற்றிய முக்கியமான ஒரு செய்தியும் சில வேளை கூடவே கிடைக்கும்.

இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும் உங்களால் பின்வருவனவற்றைச் செய்ய முடியும்:

• வடிகால் ஈயை நுளம்பில் இருந்தும் மணல் ஈயில் இருந்தும் பிரித்தறிதல்
• அது எந்தத் துவாரத்தில் இருந்து வருகிறது என்று வீட்டிலேயே சோதித்தல்
• செலவில்லாமல் அதை ஒழித்தல்
• மலக்குழி பழுதடைந்திருக்கும் அறிகுறிகளைக் கண்டு, கிணற்றைப் பாதுகாத்தல்

1. வடிகால் ஈ எப்படி இருக்கும்?

கழிவுநீர்க் கான், குளியலறைத் துவாரம், மலக்குழி போன்ற இடங்களில் பிறப்பதால் இதை வடிகால் ஈ என்கிறோம். இதை இனங்காணப் பூதக்கண்ணாடி தேவையில்லை. ஒரு ரோச் வெளிச்சம் போதும். காலையில், ஆட்கள் குளிக்க முன், சுவரைக் கிட்ட நின்று பாருங்கள்.

• அளவு: 2 முதல் 5 மில்லிமீற்றர் வரை. ஒரு எள்ளு விதையைவிடக் கொஞ்சம் பெரியது.
• நிறம்: சாம்பல் அல்லது கடும் மண்ணிறம். சிலவற்றின் சிறகோரத்தில் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரியும்.
• சிறகு: உடம்புக்கு அளவுமீறிப் பெரியது. இருக்கும்போது இரண்டு சிறகும் உடம்பின் மேல் விரிந்து, மிகச் சின்ன வெற்றிலை ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டது போல இருக்கும்.
• மயிர்: உடம்பும் சிறகும் விட்டில் பூச்சியினுடையவை போல மயிர் மூடியவை. விரலால் அமத்தினால் சாம்பல் போன்ற தூள் படியும். இதுதான் மிக உறுதியான அடையாளம்.
• பறப்பு: நீண்ட தூரம் பறக்காது. தத்தித் தத்திப் பறந்து பக்கத்திலேயே இருந்துவிடும். ஆகவே பூச்சி அதிகமாக நிற்கும் இடத்துக்கு அருகில்தான் அது பிறக்கும் இடமும் இருக்கும்.

வடிகால் ஈ கடிக்காது. இரத்தம் குடிக்காது. டெங்கைப் பரப்பாது. ஆனாலும் அது அழுக்கில் பிறந்து அழுக்கில் நடக்கும் பூச்சி. அந்தக் கால்களுடன் சாப்பாட்டில் வந்து இருந்தால் கிருமியும் வரலாம். ஆகவே சோறு, கறி, பால் எல்லாவற்றையும் மூடி வையுங்கள். பூச்சி மிக அதிகமாக இருக்கும் வீட்டில், செத்த பூச்சிகளின் சிறகுத் தூள் காற்றில் கலந்து, முட்டு வருத்தம் உள்ளவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கலாம். சுவரைக் காய்ந்த தும்புத்தடியால் தட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

2. எதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது?

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். பூச்சியைத் தவறாக இனங்கண்டால் இரண்டு வகையில் நட்டம் வரும். ஒன்று, கடிக்காத பூச்சிக்கு மருந்து வாங்கிக் காசு போகும். மற்றது, கடிக்கிற பூச்சியை "இது ஒன்றும் செய்யாது" என்று விட்டுவிடுவோம்.

நுளம்பு: உடம்பு ஒல்லி, கால் நீளம், வாயில் ஊசி போன்ற குழல் இருக்கும். சிறகில் பஞ்சு போன்ற மயிர் இராது. டெங்கைப் பரப்பும் நுளம்பின் காலில் வெள்ளை வளையங்கள் இருக்கும். அது பகலில் கடிக்கும். தேங்கிய தெளிந்த தண்ணீரில், அதாவது சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு, மூடாத தண்ணீர்த் தாங்கி போன்றவற்றில் முட்டையிடும். வடிகால் ஈ வளர்வதோ வழுக்கல் அழுக்கில். மலேரியா அற்ற நாடாக 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. அதைப் பரப்பும் நுளம்பு இனங்கள் இன்னமும் இங்கே இருக்கின்றன. ஆகவே இந்தியாவில் இருந்து அண்மையில் திரும்பியவர்களுக்குக் காய்ச்சல் வந்தால், எங்கிருந்து வந்தீர்கள் என்பதை வைத்தியரிடம் சொல்லி மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

பழ ஈ: குசினியில், பழுத்த வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் சுற்றும். சிறகு கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். கண் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். பழத்தையும் குப்பையையும் அகற்றி இரண்டொரு நாளில் குறைந்தால் அது பழ ஈதான்.

மணல் ஈ: கூடிய கவனம் இதற்குத் தேவை. மணல் ஈயும் வடிகால் ஈயும் ஒரே பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் சின்னவை, இரண்டுக்கும் மயிர் உண்டு. ஆனால் மணல் ஈயில் பெண் ஈ கடிக்கும். அந்தக் கடியால் லீஷ்மானியாசிஸ் என்னும் நோய் பரவுகிறது. இலங்கையிலேயே தொற்றிய முதலாவது நோயாளி 1992 இல் தெற்கே அம்பாந்தோட்டை மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். பின்னர் வன்னி உட்பட நாட்டின் பல பகுதிகளில் நோயாளர்கள் இனங்காணப்பட்டனர். 2008 முதல் இது சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று.

இரண்டையும் பிரித்தறிய நான்கு வழிகள்:

• இருக்கும் விதம்: வடிகால் ஈ சிறகை வெற்றிலை போல விரித்து அல்லது கூரை போலச் சரித்து வைத்திருக்கும். மணல் ஈ சிறகு இரண்டையும் மேலே தூக்கி, நிமிர்த்திப் பிடித்திருக்கும்.
• நிறமும் உடம்பும்: மணல் ஈ வெளிறிய மணல் நிறம். உடம்பு ஒல்லி, கால் நீளம். வடிகால் ஈ கருமையாக, குண்டாகத் தெரியும்.
• இடம்: வடிகால் ஈ ஈரமான துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மணல் ஈ தண்ணீரில் வளர்வதில்லை. கறையான் புற்று, மரப்பொந்து, மாட்டுக்கொட்டில், மண்சுவர் வெடிப்பு, உக்கிய இலைகுப்பை உள்ள ஈரமண் ஆகியவையே அதன் இடங்கள்.
• கடி: பொழுதுபட்ட பின் சத்தமில்லாமல் கடித்தால் அது வடிகால் ஈ அல்ல.

முகம், கை, கால் போன்ற மூடாத இடத்தில் ஒரு சின்னப் பரு வந்து, நோவோ கடியோ இல்லாமல் மெல்ல மெல்லப் பெருத்து, நடுவில் புண்ணாகி, கிழமைக் கணக்கில் ஆறாமல் இருந்தால் வீட்டு வைத்தியத்தோடு நின்றுவிட வேண்டாம். அரச வைத்தியசாலையில் தோல்நோய் வைத்தியரிடம் காட்டுங்கள். இந்த நோய்க்குச் சிகிச்சை உண்டு. தொட்டால் ஒருவரில் இருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஆகவே நோயாளியை யாரும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

அந்த அம்மாவின் வீட்டில் சுவரில் இருந்த பூச்சிகளைப் பார்த்தோம். விரலில் சாம்பல் தூள் படிந்தது. சிறகு வெற்றிலை போல விரிந்திருந்தது. வீட்டில் யாருக்கும் கடி இல்லை. வடிகால் ஈ என்று உறுதியாயிற்று.

3. எங்கே பிறக்கிறது?

குளியலறைத் துவாரத்தின் மூடியைக் கழற்றி, உள்ளே விரலளவு தடியை விட்டுச் சுரண்டிப் பாருங்கள். கறுத்த, வழுவழுப்பான அழுக்கு வரும். சவர்க்காரம், எண்ணெய், மயிர், சோற்றுப் பசை எல்லாம் சேர்ந்து குழாயின் உட்சுவரில் பிடித்த அழுக்கு அது. வடிகால் ஈ முட்டையிடுவது இதற்குள்தான். இரண்டு நாளளவில் முட்டை பொரித்துப் புழு வரும். புழு சாம்பல் நிறமாக, தலைப்பக்கம் கறுத்து, அரை அங்குலத்திலும் குறைந்த நீளமாக இருக்கும். அந்த அழுக்கையே தின்று வளரும். முட்டையில் இருந்து பூச்சியாகப் பறக்க ஒன்று முதல் மூன்று கிழமை எடுக்கும். எங்கள் வெக்கைக்கு இது சீக்கிரமாகவே நடக்கும். பறக்கும் பூச்சி ஏறத்தாழ இரண்டு கிழமை உயிரோடு இருக்கும்.

இதில் இருந்து இரண்டு விடயங்கள் விளங்கும்.

முதலாவது, சுவரில் இருக்கும் பூச்சிக்கு மருந்து அடிப்பதால் பயன் இல்லை. அடித்த அன்று சாகும். அடுத்த நாள் புதிய பூச்சி துவாரத்தால் வெளியே வரும். அந்த அம்மாவின் இரண்டு ரின் மருந்தும் போனது இப்படித்தான்.

இரண்டாவது, வெறும் தண்ணீர் ஊற்றுவதாலும் பயன் இல்லை. புழு வழுக்கல் அழுக்குக்குள் புதைந்திருக்கும், தண்ணீர் அதன் மேலால் ஓடிவிடும். அழுக்கை உரஞ்சி எடுத்தால்தான் புழுவுக்குச் சாப்பாடும் இல்லை, இடமும் இல்லை.

திரும்பி வந்த வீடுகளில் இந்தப் பூச்சி ஏன் அதிகம்? மலசலகூடக் கிண்ணத்தின் கீழே வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சத் தண்ணீர் நிற்கும். இதை நீரடைப்பு என்பார்கள். குழியில் இருக்கும் மணமும் பூச்சியும் வீட்டுக்குள் வராமல் மறிப்பது அந்தத் தண்ணீர்தான். ஆள் இல்லாத வீட்டில் அது காய்ந்துவிடும், குழியில் இருந்து வீடு வரை பாதை திறந்துவிடும். நீங்கள் குடியிருக்கத் தொடங்கிய பிறகும், பாவிக்காத இரண்டாவது மலசலகூடம், பூட்டிய அறையின் குளியலறை போன்றவற்றில் இதே நிலை தொடரலாம்.

4. எந்தத் துவாரம்? ஒரு இரவுச் சோதனை

முதலில் வீட்டில் உள்ள ஈரமான துவாரங்கள் எல்லாவற்றையும் எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். குசினித் தொட்டி, குளியலறை, மலசலகூடம், கிணற்றடிக் கான், வாழைக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலின் தொடக்கம், மலக்குழி மூடியின் வெடிப்பு, காற்றுக் குழாயின் வாய் எல்லாம் அந்தப் பட்டியலில் வரவேண்டும். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் விருப்பத்தோடு செய்வார்கள். குழிப் பக்கம் மட்டும் பெரியவர்கள் பாருங்கள்.

தேவையானவை: ஒட்டும் ரேப். அது இல்லாவிட்டால் ஒரு துண்டுப் பொலித்தீனும் கொஞ்சத் தேங்காய் எண்ணெயும்.

• மாலையில் துவாரத்தைச் சுற்றியுள்ள இடத்தைத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.
• ரேப்பின் ஒட்டும் பக்கம் கீழே பார்க்க, துவாரத்தின் குறுக்கே ஒட்டுங்கள். முழுதாக மூட வேண்டாம். காற்று வர இடம் இருந்தால்தான் பூச்சியும் மேலே வரும்.
• பொலித்தீன் என்றால் கீழ்ப்பக்கத்தில் எண்ணெய் தடவி, ஓரத்தில் கல் வைத்து மூடுங்கள்.
• இரவு அந்தத் துவாரத்தைப் பாவிக்க வேண்டாம். காலையில் எடுத்துப் பாருங்கள்.
• ஒரு நாள் ஒன்றும் பிடிபடாவிட்டால் முடிவெடுக்க வேண்டாம். மூன்று நான்கு இரவு தொடர்ந்து செய்யுங்கள்.

எந்த ரேப்பில் பூச்சி ஒட்டியிருக்கிறதோ, அந்தத் துவாரம்தான் பிறக்கும் இடம். ஒன்றுக்கு மேற்பட்ட துவாரங்களும் இருக்கலாம். தாளில் அந்தப் பெயருக்கு நேரே அடையாளம் போடுங்கள்.

5. துப்புரவு செய்யும் முறை

கையுறை இல்லாவிட்டால் கையில் பொலித்தீன் பை ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள்.

• துவாரத்தின் மூடியைக் கழற்றி, சிக்கியிருக்கும் மயிரையும் குப்பையையும் எடுங்கள். அதைக் கானில் போடாமல் புதையுங்கள் அல்லது குப்பையோடு சேருங்கள்.
• போத்தல் கழுவும் பிரஷ்ஷை ஒரு தடியில் கட்டுங்கள். அது இல்லாவிட்டால் தடியின் நுனியில் தும்பை இறுக்கிக் கட்டினாலும் சரி. சவர்க்காரத் தண்ணீர் விட்டுக் குழாயின் உட்சுவரைச் சுற்றிச் சுற்றி உரஞ்சுங்கள். மூடியின் அடிப்பக்கத்தையும் மறக்க வேண்டாம். அழுக்கு அதிகம் பிடித்திருப்பது அங்கேதான்.
• பிறகு சுடுதண்ணீர் ஊற்றுங்கள். பிளாஸ்ரிக் குழாய் என்றால் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம், குழாயும் பொருத்தும் பழுதாகும்.
• முதற் கிழமை ஒன்றுவிட்ட ஒரு நாள் செய்யுங்கள். பிறகு கிழமைக்கு ஒரு தரம் போதும்.
• பாவிக்காத மலசலகூடத்துக்கும் குளியலறைத் துவாரத்துக்கும் கிழமைக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். நீரடைப்புக் காயாமல் இருக்கும்.
• கிணற்றடிக் கானில் நிற்கும் சேற்றை மண்வெட்டியால் எடுத்துவிடுங்கள். தண்ணீர் நிற்காமல் ஓடினால் அழுக்குப் பிடிக்காது.
• காற்றுக் குழாயின் வாயில் நுளம்பு வலைத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள்.

துப்புரவு செய்த மறுநாளும் சுவரில் பூச்சி இருக்கும். மனம் சலிக்க வேண்டாம். அவை முன்னமே பிறந்தவை. அவற்றை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். துப்புரவு சரியாக நடந்தால் நாளுக்கு நாள் எண்ணிக்கை குறைந்துகொண்டு வரும். மூன்று கிழமைக்குப் பிறகு மீண்டும் ரேப் சோதனை செய்து பாருங்கள்.

6. செய்யக் கூடாதவை

மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் எண்ணெய், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து: எதையும் கானிலோ மலக்குழியிலோ ஊற்ற வேண்டாம். அங்கே ஊற்றுவது நிலத்துக்குள் போகும். நிலத்துக்குள் போவது கிணற்றுக்கு வரும்.

குளோரின் தூளையும் மலசலகூடம் கழுவும் அசிட்டையும் சேர்க்க வேண்டாம்: இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். சின்னக் குளியலறைக்குள் அது உயிருக்கே ஆபத்து. ஒன்றைப் பாவித்த அன்று மற்றதைப் பாவிக்க வேண்டாம். குளோரின் தண்ணீர் மட்டும் ஊற்றினாலும் அது வழுக்கல் அழுக்கின் மேலால் ஓடிவிடும். அளவுக்கு மிஞ்சிக் குழிக்குள் போனால், கழிவை உக்க வைக்கும் நல்ல கிருமிகளையும் கொல்லும்.

மலக்குழிக்குள் இறங்க வேண்டாம், தலையை உள்ளே விட வேண்டாம்: குழிக்குள் இருக்கும் வாயு ஒரு மூச்சிலேயே ஆளை விழுத்தும். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். மூடிக்குப் பக்கத்தில் விளக்கோ நெருப்புக்குச்சியோ கொளுத்த வேண்டாம்.

தெரியாத இடத்தில் தோண்ட வேண்டாம்: பழைய குழியைத் தேடியோ, புதிய குழிக்காகவோ, பற்றை வெட்டவோ போகும்போது, அந்த இடம் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொட வேண்டாம். போன அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து உடனே அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக் கொடுங்கள்.

7. துவாரம் சுத்தம், ஆனால் பூச்சி போகவில்லை என்றால்?

அந்த அம்மா எங்களோடு சேர்ந்து ஐந்து இடங்களில் ரேப் ஒட்டினார். குசினியில் ஒன்றும் இல்லை. குளியலறையில் இரண்டு பூச்சி. மலசலகூடத்துக்குப் பின்னால், பற்றைக்குள் மறைந்திருந்த பழைய மலக்குழி மூடியின் வெடிப்பில் ஒட்டிய ரேப் காலையில் கறுத்துப் போயிருந்தது. வீட்டின் சொந்தக்காரருக்கே அந்த வெடிப்பு இருப்பது அதுவரை தெரியாது. வேம்பின் வேர் சீமெந்துக் கட்டைப் பிளந்திருந்தது.

பின்வரும் அறிகுறிகளில் ஏதாவது இருந்தால் உங்கள் மலக்குழி பழுது அல்லது நிறைந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்:

• குழி மூடியில், சுவரில் அல்லது குழாய் சேரும் இடத்தில் வெடிப்பு. அதில் இருந்து பூச்சி வருதல்
• மழை இல்லாத நாளிலும் குழியைச் சுற்றி நிலம் ஈரமாக இருத்தல், அந்த இடத்தில் மட்டும் புல் செழித்து வளர்தல்
• தண்ணீர் ஊற்றியும் மலசலகூடம் மெதுவாக இறங்குதல், மாரியில் கழிவு மேலே வருதல்
• எந்நேரமும் மணம் இருத்தல்

மூடியின் மேலே உள்ள சின்ன வெடிப்பைச் சீமெந்துச் சாந்தால் நீங்களே அடைக்கலாம். அதோடு பூச்சி வருவது நிற்கும். ஆனால் மேலே வெடித்த குழி கீழேயும் வெடித்திருக்கலாம். ஆகவே பூச்சி நின்றதும் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். அடுத்துப் பார்க்க வேண்டியது கிணறு.

8. கிணற்றைப் பாருங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்புகளும் பொந்துகளும் உண்டு. மழைத் தண்ணீர் அவற்றின் வழியே இறங்கித்தான் எங்கள் கிணறுகள் நிரம்புகின்றன. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை, கிணறுதான் எங்கள் குடிதண்ணீர். மழைத் தண்ணீர் இறங்கும் அதே வழியால் மலக்குழிக் கழிவும் இறங்கும். மணல் நிலம் கழிவுநீரை ஓரளவு வடிக்கும். சுண்ணாம்புக்கல் வெடிப்பு அப்படி வடிக்காது.

மனிதாபிமான உதவிகளுக்கான ஸ்பியர் தராதரங்களின்படி மலக்குழிக்கும் நிலத்தடிநீர் எடுக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி இருக்க வேண்டும். குழியின் அடி, நிலத்தடி நீர்மட்டத்துக்குக் குறைந்தது 1.5 மீற்றர் மேலே இருக்க வேண்டும். வெடிப்புள்ள கல்நிலத்தில் இந்தத் தூரம் இன்னும் கூட வேண்டும். ஆனால் சதுரமான ஒரு பரப்புக் காணியின் ஒரு பக்கம் ஏறத்தாழ 16 மீற்றர்தான். சின்னக் காணிகளில் இந்தத் தூரத்தை எடுக்கவே முடியாது. வேலிக்கு அப்பால் அயலவரின் குழி உங்கள் கிணற்றுக்குக் கிட்ட இருக்கலாம், உங்கள் குழி அவருடைய கிணற்றுக்குக் கிட்ட இருக்கலாம். ஆகவே இதை அயலவர்கள் சேர்ந்து பேசித் தீர்க்க வேண்டும். யாருடைய குழி, யாருடைய கிணறு என்ற சண்டையாக ஆக்கிக்கொள்ள வேண்டாம். புதிதாக வீடு கட்டுபவர்கள் மலக்குழிக்கு இடம் பார்க்கும்போது இரண்டு காணிகளின் கிணறுகளையும் அளந்து பாருங்கள்.

வடிகால் ஈ இருப்பதால் மட்டும் கிணறு பழுது என்று சொல்ல முடியாது. தண்ணீரைப் பரிசோதித்தால்தான் தெரியும். அதுவரை செய்ய வேண்டியவை:

• குடிதண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். பெரிய குமிழிகள் எழுந்து நன்றாகக் கொதிக்க வேண்டும். பிறகு மூடி ஆறவிட்டு, மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். பல் துலக்கவும் பாத்திரம் கழுவி முடிக்கவும் அதையே பாவிப்பது நல்லது.
• பாவிக்காமல் கிடந்த கிணற்றை இறைத்து, சேறு எடுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இடுங்கள். அளவு கிணற்றின் தண்ணீரைப் பொறுத்தது. நீங்களாக அள்ளிப் போட வேண்டாம்.
• கிணற்றுக் கட்டில் வெடிப்பு இருந்தால் அடையுங்கள். குளிக்கும் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் வடியக் கூடாது.
• ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று அதிகம். தோட்டப் பசளையாலும் மலக்குழிக் கழிவாலும் அது கூடுகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுக் குறையாது. கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பால்மா பச்சைக் குழந்தைக்கு ஆபத்தாகலாம். பால்மா கொடுத்தே ஆகவேண்டிய நிலை என்றால், எந்தத் தண்ணீரைப் பாவிப்பது என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

9. யாரிடம் சொல்ல வேண்டும்?

• பொதுச் சுகாதாரப் பரிசோதகர்: கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை, குளோரின் இடுதல், மலக்குழிக்கு இடம் தெரிவு செய்தல். இவரைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சந்திக்கலாம்.
• பிரதேச சபை: நிறைந்த மலக்குழியை உறிஞ்சி எடுக்கும் பவுசர், தற்காலிகக் குடிதண்ணீர் விநியோகம்.
• கிராம உத்தியோகத்தர்: மலசலகூட உதவித் திட்டங்களுக்கான பதிவு, காணியின் கண்ணிவெடி அகற்றல் விபரம்.
• குடும்பநல உத்தியோகத்தர்: குழந்தை, கர்ப்பிணித் தாய் தொடர்பான ஆலோசனை.

போகும்போது உங்கள் துவாரப் பட்டியலையும், பூச்சி ஒட்டிய ரேப்பையும், குழிக்கும் கிணற்றுக்கும் இடையே அளந்த தூரத்தையும் கொண்டு போங்கள். "பூச்சி வருகுது" என்று மட்டும் சொன்னால் "கானைக் கழுவுங்கோ" என்ற பதில்தான் கிடைக்கும். "குழி வெடித்திருக்கிறது, கிணறு 12 மீற்றரில் இருக்கிறது, வீட்டில் நான்கு மாதக் குழந்தை இருக்கிறது" என்று சொன்னால் அவர்களுக்கும் அவசரம் விளங்கும்.

அந்த அம்மா இதைத்தான் சொன்னார். பரிசோதகர் வந்து பார்த்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தார். புதிய குழி காணியின் மற்ற மூலையில் கட்டி முடியும்வரை, மூன்று வீடு தள்ளியிருந்த கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், அதையும் கொதிக்க வைத்தார்கள். பழைய குழி உறிஞ்சப்பட்டு, மண் நிரப்பி மூடப்பட்டது. அடுத்த முறை நாங்கள் போனபோது அம்மா சொன்னார்: "பூச்சியாலதான் குழி வெடிச்சது தெரிஞ்சது பிள்ளை. இல்லாட்டி உந்தத் தண்ணியையே குடிச்சுக்கொண்டு இருந்திருப்பம்."

மீட்டிப் பார்ப்போம்

குடும்பமாக இருந்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அடைப்புக்குறிக்குள் உள்ள பகுதியைத் திரும்பப் படியுங்கள்.

• உங்கள் குளியலறைச் சுவரில் உள்ள பூச்சியை அமத்தினால் தூள் படிகிறதா? சிறகு விரிந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா? (1, 2)
• வீட்டில் யாருக்காவது நோவில்லாமல், கிழமைக் கணக்கில் ஆறாத புண் இருக்கிறதா? (2)
• மருந்து அடித்தும் வடிகால் ஈ ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? (3)
• உங்கள் வீட்டில் ஈரமான துவாரங்கள் எத்தனை? அவற்றில் பாவிக்காதவை எவை? (3, 4)
• குளோரினோடு எதைச் சேர்க்கக் கூடாது? (6)
• உங்கள் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே எத்தனை மீற்றர்? அயலவரின் குழிக்கும் உங்கள் கிணற்றுக்கும் இடையே? (8)

கடைசிக் கேள்விக்கான பதிலை இன்றே அளந்து, இந்தக் கையேட்டின் பின்னட்டையில் எழுதி வையுங்கள்.